டாக்டர் தொட்ட கணினி

கணினி என்கிற பொருள் வீடுகளுக்குள் நுழைந்த அன்றைக்கே, அதன் பின்னாலேயே இன்னொரு ஜீவனும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. கணினியை நாம் காசு கொடுத்து வாங்கினோம். இதை யாரும் வாங்கவில்லை. சொந்தத்தோடு சொந்தமாக வந்து சேர்ந்தது. இந்த இனத்துக்கு உறவுக்காரக் கணினி வைத்தியர் என்று பெயர் வைக்கலாம். குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் உண்டு.

இவரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். உங்கள் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னும் அரை நிமிடத்தில் அது தானாக நின்றுவிடும் என்று தெரிந்து நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சுக்காற்று படும். “கொஞ்சம் எந்திரிங்க, நான் பாக்கறேன்.” அவ்வளவுதான். நீங்கள் எழுந்த அந்த நாற்காலி இனிச் சாயங்காலம்வரை உங்களுடையதல்ல.

உட்கார்ந்ததும் முதல் காரியமாக உச்சுக்கொட்டுவார். அடுத்து, “யாரு இதை இப்படி வச்சிருக்கிறது?” என்பார். போன தடவை அப்படி வைத்துவிட்டுப் போனவரே அவர்தான் என்பதை நீங்கள் மரியாதை கருதிச் சொல்லமாட்டீர்கள். “சின்ன விஷயம், அஞ்சு நிமிஷம்” என்பது அவர் வாயிலிருந்து வரும் மூன்றாவது வாக்கியம். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் சமைக்கலாம், சாப்பிடலாம், பாத்திரம் கழுவலாம், ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வரலாம். அவர் அங்கேதான் இருப்பார்.

கணினியே அவரிடம் ஏதாவது சொல்ல வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். ‘இந்த நிரலைப் போட்டால் ஏற்கெனவே இருக்கிற இன்னொன்றோடு மோதும், யோசித்துச் சொல்லுங்கள்’ என்று பாவம் அது நாலு வரியில் கெஞ்சும். இரண்டாவது வரியைக் கண் எட்டுமுன் அவருடைய விரல் ‘சம்மதம்’ என்ற பொத்தானில் இறங்கியிருக்கும். சம்மதம், அடுத்து, அடுத்து, சம்மதம், முடிந்தது. ஆயுசுக்கும் இப்படி எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறார் என்று ஒரு வக்கீல் உட்கார்ந்து படித்துச் சொன்னால், மனிதர் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் எதையும் எடுப்பதில்லை, போடுவார். போட்டது வேலை செய்யாவிட்டால் அதன்மேல் இன்னொன்றைப் போடுவார். இரண்டும் சண்டை பிடித்தால் சமாதானத்துக்கு மூன்றாவது ஒன்றைப் போடுவார். போட்டதை எடுப்பது அவர் அகராதியில் தோற்றுப்போவது.

இந்த இனத்தில் நல்ல வளர்ச்சியுள்ள மாதிரி ஒன்றை இப்போது பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வீட்டில் இவருக்கு டாக்டர் என்று பெயர். பிழைப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை மேற்பார்வை. டாக்டர் என்ற பெயரை வைத்தவர் இவருடைய அண்ணன், கேலிக்காக வைத்தார். இவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி ஒன்று, வண்டிச் சாவி ஒன்று, பென் டிரைவ் மூன்று. எங்கெங்கோ இலவசமாகக் கிடைத்த அறுபத்தெட்டு நிரல்கள் அந்த மூன்றிலும் இருக்கின்றன. அவற்றில் பாதி என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் எப்போது எது தேவைப்படும் என்று யார் கண்டது?

கெட்ட மனிதரா என்றால், இல்லை. தொல்லையே அதில்தான் இருக்கிறது. கெட்டவராக இருந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடலாம். இவர் அன்போடு வருகிறார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு டாக்டர் தன் அண்ணன் வீட்டு மணியை அடித்ததும் அன்பினால்தான். அண்ணிக்கு அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நேர்காணல். ஒன்பது வருடங்களுக்கு முன் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது வேலையை விட்டவர் அண்ணி. இப்போது மறுபடி வேலைக்குப் போகலாம் என்று ஏழு இடங்களுக்கு எழுதிப் போட்டார். ஆறு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஏழாவது, ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி உதவிப் பிரிவு. கூப்பிட்டிருந்தார்கள். கணினி வழியாக நேர்காணல். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் வருகிற படிவத்தை நிரப்பிக் காட்ட வேண்டும், அதனால் கைப்பேசி உதவாது, நேரம் மாற்ற முடியாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். மைக்கில் லேசாக இரைச்சல் வருகிறது என்று அண்ணி தன் கணவரிடம் சொல்ல, அவர் பேச்சுவாக்கில் தம்பியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா?

படிக்கிற காலத்தில் டாக்டர் நாலு வருடம் அந்த வீட்டில் தங்கியிருந்தவர். அண்ணி கையால் சாப்பிட்டவர். ஒரு நாள்கூட அண்ணி முகம் சுளித்ததில்லை. பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக மனதில் இருந்தது. அந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தபடியேதான் படியேறினார்.

“பரவாயில்ல தம்பி, சின்ன இரைச்சல்தான். பேசினா கேக்குது” என்றார் அண்ணி.

“இன்னைக்கு சின்ன இரைச்சல்னு விட்டா நாளைக்கு என்ன ஆகும்? கொஞ்சம் எந்திரிங்க அண்ணி, நான் பாக்கறேன்.”

அண்ணி எழுந்தார். கையில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“நோட்டு எதுக்கு?”

“நீங்க என்ன பண்றீங்கன்னு எழுதி வச்சுக்கறேன். அடுத்த தடவை உங்கள அலைக்கழிக்க வேண்டாமே.”

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் சிகிச்சையைக் குறிப்பெடுக்க ஓர் ஆள் நிற்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

முதலில் ஒலிக்கான டிரைவரை மாற்றினார். கணினிக்கும் அதன் மைக்குக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பென் டிரைவில் இருந்ததோ வேறொரு கணினிக்கான டிரைவர். கணினி அதைச் சொல்லத்தான் செய்தது. சம்மதம், அடுத்து, முடிந்தது.

“இப்ப பேசிப் பாருங்க.”

அண்ணி பேசிப் பார்த்தார். பாட்டுப் போட்டுப் பார்த்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார். “சத்தமே வரலியே தம்பி.”

“இரைச்சல் போச்சா இல்லையா?”

போய்விட்டதுதான். அண்ணி நோட்டில் நேரத்தைப் போட்டு முதல் வரியை எழுதினார்.

சத்தம் போனதற்கு வைரஸ்தான் காரணம் என்று டாக்டர் தீர்மானித்தார். வைரஸ் பிடிக்கிற காவல் நிரல் ஒன்று அந்தக் கணினியில் ஏற்கெனவே இருந்தது. “இதெல்லாம் சும்மா பேருக்கு இருக்கிறது” என்று சொல்லி, அதை எடுக்காமலே தன்னுடையதைப் போட்டார். ஒரே வாசலில், ஒருவரையொருவர் தெரியாத இரண்டு காவல்காரர்களை நிறுத்தினால் என்ன ஆகும்? புதியவன் பழையவனைத் திருடன் என்று பிடித்தான். பழையவன் புதியவனின் பையைப் பிடுங்கிப் பூட்டி வைத்தான். இந்த அமளியில் உள்ளே இருந்த எந்த நிரலாலும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு ஒரு நிமிடம் கழித்து நகர்ந்தது.

“வேலை செய்யுது பாத்தீங்களா? உள்ள ஆழமா தேடுது” என்றார் டாக்டர்.

அடுத்து வந்தது சுத்திகரிப்பு நிரல். கணினியின் உள் அமைப்புகளில் தேவையில்லாதவற்றைத் தேடித் துடைத்துவிடுவதாக அது சொல்லிக்கொள்ளும். அதை ஓடவிட்டுவிட்டு டாக்டர் கடையிலிருந்து வந்த அழைப்பைப் பேச வெளியே போனார். அப்போது திரை, ‘துடைப்பதற்கு முன் பழைய அமைப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கட்டுமா?’ என்று கேட்டது. அவர் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார், நேரம் வீண். அண்ணி நாலு வரியையும் இரண்டு தடவை படித்தார். ‘ஆம்’ என்பதை அழுத்தினார். அதையும் எழுதிவைத்தார்.

டாக்டர் திரும்பி வந்தபோது ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கோளாறுகள் என்று திரையில் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பாத்தீங்களா அண்ணி? இவ்வளவையும் வச்சுக்கிட்டு எப்படி ஓட்டினீங்க?”

“நல்லாத்தான் ஓடுச்சு.”

“அது உங்களுக்கு அப்படித் தெரியும்.”

எல்லாவற்றையும் துடைத்தார். கணினியை அணைத்துப் போட்டார். அது நெடுநேரம் யோசித்துவிட்டுக் கண் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்கு இருந்தன. தேதி பத்தொன்பது வருடம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதியில் அண்ணிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. விசைப்பலகையில் ஒன்றைத் தட்டினால் வேறொன்று விழுந்தது. கேமரா என்ற ஒரு பொருள் இந்தக் கணினியில் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்று அது அடித்துச் சொன்னது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையை எடுத்திருப்பார்கள். டாக்டர் இரண்டாவது சுத்திகரிப்பு நிரலைப் போட்டார், முதலாவது துடைத்ததைச் சரிசெய்ய. அது இரண்டாயிரத்துப் பதினாறு கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, காசு கட்டினால்தான் கை வைப்பேன் என்று உட்கார்ந்துவிட்டது. கணினியின் நினைவு வட்டில் இடம் போதவில்லை, அதனால்தான் இந்தத் திணறல் என்று அடுத்ததாக முடிவு கட்டினார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை பழைய மீட்புப் புள்ளிகள். கணினி நன்றாக இருந்த நாட்களில் தன் அமைப்புகளைத் தானே படம் பிடித்துவைத்துக்கொண்டவை அவை. ஏதாவது கெட்டுப்போனால் அந்த நாளுக்குத் திரும்பிவிடலாம். டாக்டர் அவை அத்தனையையும் அழித்தார். பிறகு, பொறுப்புள்ள மனிதர் அல்லவா, இருக்கிற நிலைமையை அப்படியே படம் பிடித்துப் புதிதாக ஒரு மீட்புப் புள்ளியை உண்டாக்கினார்.

“இனிமே பயமே இல்ல அண்ணி. எது ஆனாலும் ஒரே அழுத்து, இந்த இடத்துக்குத் திரும்பி வந்துடலாம்.”

அண்ணி திரையைப் பார்த்தார். “இந்த இடத்துக்கா?”

அந்தக் கேள்வி டாக்டருக்குள் எங்கேயோ போய் விழுந்தது. மணியைப் பார்த்தார். ஒன்றேகால். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. இந்த இனத்தார் பயந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? கடைசி ஆயுதத்தை எடுப்பார்கள்.

“ஒண்ணு பண்ணலாம். முழுசா அழிச்சிட்டு எல்லாத்தையும் புதுசா போட்டுடலாம். அதான் சுத்தம்.”

“என் சான்றிதழெல்லாம் உள்ளதான் இருக்கு தம்பி.”

“வேற எங்கயாவது வச்சிருப்பீங்கல்ல?”

அண்ணி நோட்டை மூடினார். குரலை உயர்த்தவில்லை. “தம்பி, சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன். போய் சாப்பிடுங்க. நான் கொஞ்சம் உக்காந்து பாக்கறேன்.”

டாக்டரை நாற்காலியிலிருந்து எழுப்பியவர்கள் அதுவரை யாரும் இல்லை. எழுந்துவிட்டார். ஆனால் சாப்பிடப் போகவில்லை. காலையில் அண்ணி நின்ற அதே இடத்தில் இப்போது அவர் நின்றார்.

நோட்டில் பதினான்கு வரிகள் இருந்தன. அண்ணி கடைசி வரியிலிருந்து மேலே போனார். புதிய மீட்புப் புள்ளியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தாண்டினார். பழையவை அழிந்தது அழிந்ததுதான். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டார். இரண்டாவது சுத்திகரிப்பு நிரலை எடுத்தார். ஒன்றை எடுப்பது, அணைத்துப் போடுவது, என்ன மாறியது என்று பார்ப்பது, எழுதுவது, அப்புறம்தான் அடுத்தது. டாக்டருக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஒரே நேரத்தில் நாலைந்தை எடுத்தால் என்னவாம்? கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் கொடுத்துக்கொண்டார்.

“தம்பி, பதினொண்ணே முக்காலுக்கு ஒரு பச்சைப் பெட்டி வந்துச்சே. அதுல என்ன அழுத்தினீங்க?”

“சம்மதம்.”

“எதுக்குச் சம்மதம்?”

டாக்டர் யோசித்தார். அண்ணன் வீட்டுக் கணினி, மாமனார் வீட்டுக் கணினி, கடை முதலாளியின் கணினி என்று பதினோரு வருடத்தில் அவர் அழுத்திய பச்சைப் பெட்டிகள் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. வெட்கம் வந்தது. நிஜமான வெட்கம், காது சூடாகிற வெட்கம்.

“தெரியல, அண்ணி.”

இந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்து அவர் இதற்குமுன் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

“சரி, பரவாயில்ல” என்று அண்ணி வேலையைத் தொடர்ந்தார். சுத்திகரிப்பு நிரல் எடுத்து வைத்திருந்த நகலைத் தேடிப் பிடித்துப் பழைய அமைப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார். எழுத்துகள் சுருங்கின. பத்தொன்பது வருடம் ஒரு நொடியில் ஓடிப்போய் வெள்ளிக்கிழமை வந்தது. கேமரா தான் இருப்பதை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு புதிய காவல்காரனை அனுப்பிவிட்டுப் பழையவனிடம் சாவியைக் கொடுத்தார். கடைசியாக முதல் வரி, டிரைவர். அதையும் பழையதற்கே மாற்றினார். மணி இரண்டே முக்கால் ஆனபோது மைக்கில் சத்தம் வந்தது. கூடவே இரைச்சலும் வந்தது.

அண்ணி அண்ணாந்து பார்த்தார். மைக்குக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போய் அணைத்தார். இரைச்சல் நின்றது.

டாக்டர் வெளியே வந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, நடையில் கிடந்த பிள்ளைகளின் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணிக்கு இந்த வேலை கிடைக்காமல் போனால் தன்னால்தான் போனது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் எதுவும் சொல்லமாட்டார், அண்ணியும் சொல்லமாட்டார் என்பதும் தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மூன்று மணிக்கு உள்ளே பேச்சு ஆரம்பித்தது. அதிகாரியும் தன் வீட்டிலிருந்தே பேசுகிற ஓர் அம்மாள். முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போயிற்று. அப்புறம் அந்த அம்மாளின் குரல் விட்டு விட்டு வர ஆரம்பித்தது, பிறகு நின்றே போனது, மறுபடி வந்தது.

“மன்னிச்சுக்கங்க… படிவத்தை அனுப்ப முடியல… இந்தக் கம்ப்யூட்டர் நேத்துலேருந்து இப்படித்தான்… நகரவே மாட்டேங்குது. இன்னைக்கு முடியாதுபோல. வேணும்னா அடுத்த மாசம் மறுபடி…”

டாக்டர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். அவருக்குத் தெரியும். இந்தத் தடவை நிஜமாகவே தெரியும். நேற்று யார் வந்தார், என்ன போட்டார், எதை எடுக்கவில்லை என்று கண்ணால் பார்த்தமாதிரி தெரியும். கை கதவுப் பிடியில் இருந்தது. கதவைத் திறந்து, “கொஞ்சம் எந்திரிங்க அண்ணி” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவர் செய்த ஆகப் பெரிய தொழில்நுட்ப உதவி அதுதான். பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

உள்ளே அண்ணியின் குரல் நிதானமாகக் கேட்டது. “மேடம், அவசரம் இல்ல. நேத்து அதுல கடைசியா என்ன போட்டாங்கன்னு மட்டும் சொல்ல முடியுமா?”

“எனக்குத் தெரியாதும்மா. எங்க வீட்டுக்காரரோட தம்பி வந்திருந்தாரு. கம்ப்யூட்டர்ல ரொம்ப கெட்டிக்காரர்.”

“அப்படியா மேடம்” என்றார் அண்ணி. “திரையோட கீழ் மூலையில வைரஸ் பிடிக்கிற அடையாளம் ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா?”

ரெண்டு இருந்தது. நேற்று வந்ததை மட்டும் எப்படி எடுப்பது என்று அண்ணி ஒவ்வொரு படியாகச் சொன்னார். நடுவில் ஒரு பெட்டி வந்தது. படிக்காமல் அழுத்தப் போன அந்த அம்மாளை நிறுத்தி, நாலு வரியையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்பது நிமிடம் ஆயிற்று. குரல் தெளிவாக வந்தது, படிவமும் வந்தது. “இதுக்கு அப்புறம் நான் உங்கள என்னம்மா கேக்கறது?” என்று அந்த அம்மாள் சிரித்தார். இருந்தாலும் ஒழுங்காக எல்லாக் கேள்விகளையும் கேட்டார்.

கதவு திறந்தது. “திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க” என்றார் அண்ணி. சொல்லிவிட்டு நடையிலேயே சுவரில் சாய்ந்து, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரு மூச்சு விட்டார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.

“சாப்பிடவே இல்லையே தம்பி நீங்க. வாங்க.”

சாப்பிட்டார். ஆறிப்போயிருந்தது. கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று, “அண்ணி, அந்த மேடம் வீட்டு விலாசம் ஏதாவது கடிதத்துல போட்டிருக்கா?” என்று கேட்டார். அண்ணி பார்த்த பார்வையில், “சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிப் படியிறங்கினார்.

வாசகர்களே, இதுவரை நன்றாகச் சிரித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த இரண்டு காவல் நிரலில் எதை முதலில் எடுத்திருக்க வேண்டும், டிரைவரை எங்கிருந்து இறக்கியிருக்க வேண்டும், அண்ணி பதினான்கு வரிக்குப் பதிலாக மூன்றே வரியில் எப்படி முடித்திருக்கலாம் என்று படிக்கும்போதே உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வந்ததா, இல்லையா? வந்ததென்றால் ஒரே ஒரு வேண்டுகோள். இனிச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் புறப்படும்போது, தயவுசெய்து ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட்டுப் போங்கள். கணினியை எடுத்து ஒளித்துவைக்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டாமா?